மடியில் இருக்கும் கனம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கம்ப்யூட்டர் பத்தி ஏதாச்சும் பேசுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. 1988 முதல் 1991 வரை இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனேன். சிலருக்குத் தோட்டம் போடுவது பொழுதுபோக்கு, சிலருக்குக் கேரம் போர்டு. எனக்குப் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துக் கோர்ப்பது பொழுதுபோக்கு. ஆகவே இது நிபுணர் உரை அல்ல. வீட்டில் கம்பியும் பெட்டியுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு வாத்தியார், தன் அனுபவத்தைப் பகிர்ந்து கொள்வது என்று எடுத்துக் கொள்ளுங்கள்.

நாங்கள் டிகிரி முடித்த அதே 1991-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர், தான் பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் எழுதிக் கொண்டிருப்பதாக உலகத்துக்கு அறிவித்தார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதுதான் லினக்ஸ். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். மென்பொருளின் மூல வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. இரண்டும் சேர்ந்ததால்தான் இன்று உலகத்தின் பெரும்பாலான இணைய சர்வர்கள் ஓடுகின்றன.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். தருமபுரியில் இருந்த எனக்கு அது வெகு தூரத்துச் செய்தி. ஆனால் லினக்ஸ் வந்து சேர்ந்து விட்டது! பெங்களூரில் வேலை பார்த்த நண்பன் ஒருவன், பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு கொடுத்த லினக்ஸ் சி.டி.யை ஊருக்கு வரும்போது கொண்டு வந்து கொடுத்தான். "காசு கொடுக்காம, திருடாம, சட்டப்படி காப்பி எடுத்துக்கலாம்டா" என்று அவன் சொன்னதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நம் நாட்டு லினக்ஸ். அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. என் அக்கா மகன் திறக்கவில்லை. அவன் படிப்பு முடிந்து ஓசூருக்கு வேலைக்குப் போனதும் அந்த மடிக்கணினி பரண் ஏறியது. அதை இறக்கித் தூசி தட்டி, டெபியன் லினக்ஸ் போட்டேன். 2 ஜிபி நினைவகம்தான். விண்டோஸ் மூச்சு வாங்கிய இடத்தில் இது சளைக்காமல் ஓடியது. இன்றைக்கு எங்கள் வீட்டு போட்டோக்கள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கரண்ட் போனால் அதன் பேட்டரியே யு.பி.எஸ்.

எங்கள் வீடு பழைய வீடு. முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அண்ணன் குடும்பம். நடுவில் கனமான சுவர். வைஃபை அந்தப் பக்கம் போகாது. அதனால் கேபிள் இழுத்தேன். எட்டு கம்பிகளை வரிசைப்படுத்தி முனை போட வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது போல இதை நான் முணுமுணுத்துக் கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏங்க, மந்திரம் ஏதாவது சொல்றீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

இந்தக் கம்பியும் பெட்டியும் எனக்குக் கற்றுக் கொடுத்த முக்கியமான பாடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பழைய மாணவர்களுக்கு 197 நினைவிருக்கும். ஒருவருடைய டெலிபோன் நம்பர் தெரியாவிட்டால் 197-ஐ அழைத்துப் பெயரைச் சொல்வோம், அவர்கள் நம்பரைத் தேடிச் சொல்வார்கள். இணையத்திலும் அப்படியே. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் உங்கள் போன் முதலில் ஒரு விசாரணை நிலையத்தைக் கேட்கிறது. "இந்தப் பெயருக்கு நம்பர் என்ன?" இதற்கு டி.என்.எஸ். என்று பெயர். இந்தக் கேள்வி பெரும்பாலும் தபால் கார்டு மாதிரி போகும். வழியில் இருப்பவர் படிக்கலாம். அதன்பிறகு போகும் செய்தி மூடிய கவர். கவருக்குள் இருப்பது தெரியாது. ஆனால் யார் யாரை, எத்தனை மணிக்கு விசாரித்தார்கள் என்பது அந்த விசாரணை நிலையத்துக்குத் தெரியும். ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடினார் என்று தெரிந்தால் போதாதா? உள்ளே எழுதியதைப் படிக்கவா வேண்டும்? இந்தக் கேள்வியையும் கவருக்குள் போட 2016-லும் 2018-லும் இரண்டு முறைகள் வகுக்கப்பட்டு விட்டன. போனிலும் பிரவுசரிலும் செட்டிங்ஸில் அவை இருக்கின்றன. இயக்கிக் கொண்டாலும், கடைசியில் யாரோ ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். யாரை நம்பிக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம்.

பரணில் இருந்து இறங்கிய மடிக்கணினியில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அதனிடமே விசாரிக்கும்படி செய்தேன். காலையில் எழுந்து ஏட்டைத் திறந்தால், வீடே தூங்கிய நேரத்தில் எங்கள் டி.வி. யார் யாரையோ விசாரித்துக் கொண்டிருந்தது. அண்ணி கேட்டார்கள், "டி.வி.ய நாம பாக்கறோமா, டி.வி. நம்மளப் பாக்குதா?" வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆனால் அது வெறும் வேடிக்கை இல்லை. 2017-ல் விசியோ என்ற அமெரிக்க டி.வி. கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் டி.வி.க்களில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் சம்மதம் கேட்காமல் சேகரித்ததாக எழுந்த வழக்கில் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக் கொண்டது.

இதையெல்லாம் நான் சொல்லும்போது நண்பர்கள் சிரிப்பார்கள். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? நம்ம கிட்ட என்ன இருக்கு மறைக்க?" என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அந்தப் பழமொழி பிறந்த காலத்தில், தன் மடியில் என்ன இருக்கிறது என்று மடிக்கு உரியவனுக்குத் தெரியும். இன்றைக்கு நம் மடியில் கனம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அக்கா பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் போயிருந்தேன். எங்கள் சான்றிதழை எடுக்க டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து நூறு நாள் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்த தாய்மார்களுடைய காகிதங்கள் அவை. கடைக்காரர் கெட்டவர் இல்லை. "அழிக்க எங்க சார் நேரம்? வரிசை நிக்குதே" என்றார். உண்மைதான். ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யார் என்று நமக்குத் தெரியுமா?

அவரிடம் பேசி, இரண்டு கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் மின்ட் போட்டு, விருந்தினர் கணக்கை இயக்கிக் கொடுத்தேன். அந்தக் கணக்கில் நுழைந்து வேலை முடித்து வெளியேறினால், அதில் வைத்த எல்லாம் தானாக அழிந்து விடும். அடுத்தவருக்குத் துடைத்த பலகைதான் கிடைக்கும். கைரேகைக் கருவி லினக்ஸில் வேலை செய்யாததால் மூன்றாவது கம்ப்யூட்டர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் மட்டும் மாலையில் கடை மூடும்போது ஃபோல்டரைக் காலி செய்கிறார். லினக்ஸால் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. முடிந்த இடத்தில் செய்தோம்.

ஆதாரைப் பொறுத்தவரை, 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நகலைக் கண்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கினால் அழித்து விடுங்கள் என்று. தவறாகப் புரிந்து கொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கை போய் விட்டது, ஆனால் அதில் சொன்ன வழி அப்படியே இருக்கிறது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை நாமே பதிவிறக்கிக் கொள்ளலாம். முழு எண் தேவைப்படாத இடத்தில் அதைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது சம்பவம் பாலக்கோடு பக்கம். தெரிந்தவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையும் வீடும் ஒன்றே. திருட்டுப் பயத்தால் நான்கு கேமரா வைத்தார். ஒன்று கல்லாவைப் பார்க்கிறது, ஒன்று பின்கட்டு முற்றத்தைப் பார்க்கிறது. அவர் சம்மதத்தோடு, என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியில் இருந்து அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மாட்டிக் கொடுத்தவர்கள் கம்பெனி போட்ட பாஸ்வேர்டையே விட்டுவிட்டு, ரூட்டரில் வெளியே இருந்து வர வழியும் திறந்து வைத்துப் போயிருந்தார்கள். எந்த ஊரில் இருப்பவரும் அவர் வீட்டு முற்றத்தைப் பார்க்கலாம். அவர் ஒரே வரியில் சொன்னார்: "திருடனைப் பாக்க வெச்சா, திருடன் நம்மளப் பாக்கறானா சார்?" அரை மணி நேர வேலைதான். பாஸ்வேர்டை மாற்றி, அந்த வழியை மூடினோம். முற்றத்துக் கேமராவைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார்.

இது ஒரு கடையோடு முடிகிற விஷயம் அல்ல. 2016-ல் மிராய் என்ற தீய நிரல் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது, கம்பெனிகள் போட்டு அனுப்பும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் அறுபது மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் இப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தின் மேல் தாக்குதல் நடந்தது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள் மூவர்! 2017-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். திறமை இருந்தது, அதை எங்கே பயன்படுத்துவது என்ற புத்தி இல்லை. தம்பிகள் இதையும் குறித்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு கனம் போனில் இருக்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, அவசரத்துக்கு ஏதோ ஒரு செயலியில் சில ஆயிரம் கடன் வாங்கினாள். அந்தச் செயலி முதலில் கேட்டது தொடர்பு எண்கள் அனைத்தையும் பார்க்கும் அனுமதி. தவணை இரண்டு நாள் தள்ளியதும் அவள் அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, ஏன், எனக்கும் போன் வந்தது, கேட்கக் கூசும் பேச்சோடு. அவள் மடியில் அவள் கனம் மட்டுமா இருந்தது? எங்கள் எல்லோருடைய எண்ணும் இருந்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டு வந்த விதிப்படி, கடன் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஆகவே கேட்டாலே தெரிந்து கொள்ளுங்கள், அது ஒழுங்கான இடம் இல்லை. இப்படி மாட்டிக் கொண்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஆசிரியரிடமாவது சொல்லுங்கள்.

ஒரு தம்பி என்னைக் கேட்டான், "சார், அப்ப எல்லாரும் லினக்ஸுக்கு மாறிட்டா பிரச்சினை தீந்துடுமா?" தீராது. அவன் கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுவதே லினக்ஸ்தான்! அந்தக் கேமராப் பெட்டிகளில் பலவற்றிலும் லினக்ஸ்தான். மிராய் பிடித்ததும் அவற்றைத்தான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. லினக்ஸ் எனக்குக் கொடுத்தது சாவியை என் கையில் வைத்துக் கொள்ளும் வாய்ப்பு. திறந்து பார்க்கலாம், என்ன நடக்கிறது என்று கேட்கலாம், வேண்டாததை நிறுத்தலாம். அந்தப் பழக்கம் வந்து விட்டால் விண்டோஸிலும் போனிலும் கூட அதே கேள்வியைக் கேட்பீர்கள். "இது எதுக்கு உனக்கு?" என்ற கேள்விதான் அது.

இது வெறும் பொழுதுபோக்குக்காரன் பிடிவாதம் அல்ல. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் பெயர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். அதன் தொடர்ச்சியாக 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். நம் வீட்டுக் கதவை நாம்தான் சாத்த வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? வீட்டுக்குப் போய் இன்று மாலையே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரூட்டரின் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு. வெளியே இருந்து நிர்வகிக்கும் வசதி இருந்தால் அணைத்து விடுங்கள்.

இரண்டு, டி.வி., கேமரா, வருகிற விருந்தினர் ஆகியோருக்கு ரூட்டரில் உள்ள விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள். திண்ணை வரை வரட்டும், பூஜை அறைக்கு வர வேண்டாம்.

மூன்று, போனில் உள்ள செயலிகளின் அனுமதிகளை ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள். டார்ச் லைட்டுக்கு எதற்குத் தொடர்பு எண்கள்?

நான்கு, பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, கணக்கில் இருந்து வெளியேறி விட்டு எழுந்திருங்கள். கடைக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

ஐந்து, முக்கியமான சான்றிதழ்களுக்கு வீட்டில் ஒரு பிரதி, வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். போன் தொலைந்தால் படிப்பே தொலைந்தது போல அழ வேண்டாம்.

லினக்ஸைப் பார்க்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பென் டிரைவ் போதும். ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ் பற்றித் தமிழிலேயே எளிமையாக எழுதிக் குவித்திருக்கிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறது. விழுப்புரத்தில் முடிவது நம் தருமபுரியில் ஏன் முடியாது?

அதனால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. இங்கே வந்திருக்கும் நம்மில் பலர் வீட்டுப் பரணில் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக் கொண்டிருக்கும். அதன் ஹார்டு டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்து (அதை நான் செய்து தருகிறேன், உங்கள் கனம் அதிலே போய் விடக் கூடாது!) லினக்ஸ் போட்டு, கல்லூரிக்குக் கொடுப்போம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி நேரம், இந்த அரங்கத்தின் ஒரு மூலை போதும். பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும், கேபிளுக்கு முனை போடட்டும், வீட்டு ரூட்டரைக் கொண்டு வந்து சரி செய்து கொண்டு போகட்டும். அரூரில் இருந்தும் காரிமங்கலத்தில் இருந்தும் வரும் ஒரு மாணவி, தன் ஊரில் பத்து வீட்டுக் கதவுகளைச் சாத்தக் கற்றுக் கொண்டால் அதுவே பெரிய காரியம். முதல் மடிக்கணினியாக என்னுடையது ஒன்றை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். வாரா வாரம் என்றாலும் நான் வரத் தயார்.

வழியில் பயம் இல்லாமல் நடக்க வேண்டுமானால், முதலில் மடியில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்ப்போம். இருப்பது விலை உயர்ந்தது. அது நம்முடையது, நம்மை நம்பிய மற்றவர்களுடையதும் கூட.